அலாரமா, ஆப்பா, துண்டுத் தாளா? ஏடிஎச்டியோடு அன்றாட வேலைகள்

மாதம் பிறந்தால் எனக்கு இரண்டு தேதிகள் முக்கியம்: 11, 20. சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுப்பது என் வேலை. மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைகளுக்கு 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் ஏற வேண்டும், 20ஆம் தேதிக்குள் வரி கட்டி ரிட்டர்ன் போக வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தத் தேதிகளைச் சொல்வேன். அப்படி இருந்தும் எத்தனையோ மாதம் 20ஆம் தேதி இரவு பதினோரு மணிக்குத்தான் ஃபைலையே திறந்திருக்கிறேன். சில மாதம் 21ஆம் தேதி காலையில். அந்த அபராதத்தைக் கடைக்காரரிடம் கேட்க முடியாது, என் கையிலிருந்துதான் போகும்.

மகனுக்கு நான்காம் வகுப்பில் ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாட்டுக் கோளாறு, என்று கண்டுபிடித்தார்கள். அவனைப் பற்றி டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் மனம் எனக்கான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம், 36 வயதில், எனக்கும் அதுதான் என்று உறுதியானது. பெரியவர்களுக்குப் பார்க்கும்போது 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று விசாரிப்பார்கள். அம்மா பரணிலிருந்து என் பழைய ரேங்க் கார்டுகளை எடுத்துக் கொடுத்தார். "கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது" என்ற பொருளில் மூன்று டீச்சர்கள் மூன்று வருடங்களில் எழுதியிருந்தார்கள்.

ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல பத்தாண்டுகளாக வலியுறுத்தி வரும் விஷயம் ஒன்று உண்டு. ஏடிஎச்டி என்பது தெரியாமல் இருப்பது அல்ல, தெரிந்ததை உரிய நேரத்தில், உரிய இடத்தில் செய்ய முடியாமல் போவது. அதனால் உதவியும் அந்த நேரத்தில், அந்த இடத்தில் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பார். இதை நான் அனுபவித்துப் புரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போடும் திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் புதன்கிழமை மதியம் அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கடந்த நான்கு வருடங்களில் நான் முயன்று பார்த்தவற்றைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். எது நல்லது என்று என்னிடம் கேட்பவர்களிடம் முதலில் நான் கேட்பது, உங்களுக்கு வேலை எந்த இடத்தில் நழுவுகிறது என்று. யாரோ சொன்ன வேலை மனதில் ஏறும் முன்பே காணாமல் போகிறதா? மனதில் இருந்தும் உரிய நேரத்தில் ஞாபகம் வரவில்லையா? ஞாபகம் வந்தும் கை அசைய மறுக்கிறதா? மூன்றும் வேறு வேறு சிக்கல். ஒன்றுக்கு உதவும் கருவி இன்னொன்றுக்கு உதவாது. நான் பட்ட கஷ்டத்தில் பாதி, மூன்றாவதுக்கு வேண்டிய மருந்தை இரண்டாவதற்கான கடையில் தேடியதால் வந்தது.

போன் அலாரம்

காசு வேண்டாம், கற்றுக்கொள்ள வேண்டாம், பத்து விநாடியில் வைத்துவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அது நம்மைக் கூப்பிடும். நாம் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

"மாலை 4 மணிக்கு இதைச் செய்" என்பது கடிகாரத்தை நம்பிய ஞாபகம். "பால்காரர் வந்ததும் பணம் கொடு" என்பது ஒரு நிகழ்வை நம்பிய ஞாபகம். ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு அதிகம் சறுக்குவது முதல் வகைதான். நேரம் ஓடுவதே உள்ளுக்குள் சரியாகத் தெரிவதில்லை. ஐந்து நிமிடமும் ஐம்பது நிமிடமும் ஒரே மாதிரி இருக்கும். அந்த இடத்தில் அலாரத்துக்கு இணையாக நான் எதையும் கண்டதில்லை.

ஆனால் அலாரத்தை வைக்கும் விதத்தில் நான் நிறைய தவறு செய்தேன். என் பாட்டி எதையாவது மறக்கக் கூடாது என்றால் புடவைத் தலைப்பில் ஒரு முடிச்சு போட்டுக்கொள்வார். மாலையில் கை அதில் பட்டதும், "இத எதுக்கு முடிஞ்சேன்?" என்று எல்லோரையும் கேட்பார். பெயர் எழுதாத அலாரமும் அதே முடிச்சுதான். ஒலிக்கும், எதற்கென்று தெரியாது. இப்போது ஒவ்வொரு அலாரத்துக்கும் வினைச்சொல்லோடு பெயர் வைக்கிறேன். "பால்" என்று எழுதுவதில்லை, "அடுப்பை அணை" என்று எழுதுகிறேன்.

இரண்டாவது தவறு, செய்ய முடியாத இடத்தில் ஒலிக்க வைத்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் கூட்டத்தில் நிற்கும்போது "வங்கி ஸ்டேட்மென்ட் டவுன்லோட் செய்" என்று ஒலித்தால் என்ன செய்ய முடியும்? அணைப்பேன். அணைத்த கணமே அந்த வேலை உலகத்தில் இல்லாமல் போய்விடும். இப்போது நேரத்தை மட்டும் பார்த்து வைப்பதில்லை, அந்த நேரத்தில் நான் எங்கே இருப்பேன் என்று பார்த்து வைக்கிறேன். செய்து முடிக்கும் முன் அணைப்பதில்லை, பத்து நிமிடம் தள்ளிப் போடுவது மட்டும்தான். வெளியே கிளம்ப இரண்டு அலாரம்: ஒன்று "கையில் இருப்பதை நிறுத்து", இருபது நிமிடம் கழித்து "செருப்பைப் போடு".

ஒரே ஒலி இரண்டு வாரத்தில் காதுக்குப் பழகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். மாதம் ஒரு முறை மாற்றுவேன். அதிர்ந்து சொல்லும் கைக்கடிகாரம் ஆபீஸில் உட்காருபவர்களுக்கு வசதி. மற்றபடி அதுவும் அலாரமே.

எடுக்க வைப்பது வேறு, எடுத்தேனா என்று சொல்வது வேறு

மாத்திரை விஷயத்தைத் தனியாக எழுதுகிறேன். அலாரத்தின் குறை என்ன என்று எனக்குத் தெளிவாகக் காட்டியது அதுதான்.

காலை எட்டு மணிக்கு அலாரம் ஒலிக்கும். ஒன்பது மணிக்கு, எடுத்தேனா இல்லையா என்று தெரியாது. நேற்று எடுத்த ஞாபகமும் இன்று எடுத்த ஞாபகமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். இரண்டு முறை எடுத்துவிடுவதும் ஆபத்து. அலாரத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஏழு நாள் மாத்திரை டப்பா சொல்லும். செவ்வாய்க் குழி காலியாக இருந்தால் எடுத்தாயிற்று. அந்த டப்பாவைத் தினசரி காலண்டருக்குக் கீழே ஒரு தட்டில் வைத்திருக்கிறேன். மாத்திரையை விழுங்கிய பிறகுதான் தாளைக் கிழிப்பேன். வீட்டில் வேறு யாரும் கிழிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் அது ஷெட்யூல் எக்ஸ் என்ற, கடுமையான கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருக்கும் மருந்து. சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், அதற்கான உரிமம் எல்லாக் கடைகளிலும் இருக்காது. தீர்ந்த அன்று தெருமுனைக் கடையில் போய் வாங்கிவிட முடியாது. மறதிக்கான மருந்தை மறக்காமல் வாங்க வேண்டிய நிலை. அதனால் அட்டையில் கடைசியிலிருந்து பத்தாவது மாத்திரையின் பின்புறம் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு வைக்கிறேன். கோடு வந்த அன்று டாக்டருக்கு போன். தேதி பார்த்து அலாரம் வைப்பதைவிட இது நம்பகமானது.

ஆப்கள்

இதில்தான் என் நேரம் அதிகம் போனது. டூடூயிஸ்ட், டிக்டிக், கூகுள் டாஸ்க்ஸ், கீப் என்று வேலைகளைக் குறித்து வைக்கும் ஆப்கள் எல்லாவற்றிலும் குடியிருந்திருக்கிறேன்.

முதல் வாரம் பரவசமாக இருக்கும். வேலைகளை வகை பிரித்து, நிறம் கொடுத்து, அடுக்கி வைப்பதே ஒரு இன்பம். அடுக்குவது வேலை செய்வதைப் போன்ற உணர்வைத் தரும், வேலை நடந்திருக்காது. மூன்றாவது வாரம் தேதி கடந்த வேலைகள் சிவப்பில் வரிசையாக நிற்கும். நாற்பது சிவப்பு வரியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசையும். அப்புறம் அந்த ஆப்பைத் திறக்கவே மாட்டேன். நான்கு வருடத்தில் இது எனக்கு ஐந்து முறை நடந்தது.

அதனால் ஆப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்ப வரும் வேலைகளுக்கு அதை மிஞ்ச முடியாது. டூடூயிஸ்ட்டில் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி என்று ஒரு வரி அடித்துவிட்டால் அது வருடக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள், வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஞாபகப்படுத்து என்று அதன் ரிமைண்டர்ஸில் இடத்தை வைத்தே சொல்ல முடியும். ஐபோனுக்கான டியூ என்ற ஆப்பும், டிக்டிக்கில் இருக்கும் ஒரு வசதியும், நாம் கவனிக்கும்வரை விடாமல் தொந்தரவு செய்யும். ஒரு முறை மட்டும் டிங் என்று ஒலித்து மறையும் அறிவிப்பு நம்மைப் போன்றவர்களுக்குப் பயன்படாது. இலவசமாக, எளிமையாக வேண்டுமென்றால் கூகுள் டாஸ்க்ஸ் போதும், காலண்டரிலேயே தெரியும். சில ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த ஆப்களைப் பின்னணியில் நிறுத்திவிடும், அறிவிப்பே வராது. எந்த ஆப்பை நம்புகிறீர்களோ அதற்கு பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஒரு நாள் சோதித்துப் பாருங்கள்.

என் தீர்ப்பு இது: ஆப்பில் தேதி உள்ள, மீண்டும் மீண்டும் வரும் வேலைகள் மட்டும். என்னுடையதில் இப்போது பன்னிரண்டு வரிகள்தான். "அலமாரியை ஒழுங்குபடுத்து" போன்றவற்றுக்கு அங்கே இடமில்லை.

வாட்ஸப்பில் நமக்கு நாமே செய்தி அனுப்பும் வசதி 2022 கடைசியில் வந்தது. என்னைப் பொறுத்தவரை அது ஆப்களைவிடப் பெரிய உதவி. படிக்கட்டில் பக்கத்து வீட்டு அக்கா ஏதோ சொல்கிறார், நடந்துகொண்டே குரல் பதிவு போட்டுவிடலாம். பட்டியல் என்று அதை நம்பக் கூடாது, மேலே மேலே ஏறி மறைந்துவிடும். சாவி போட்டு வைக்கும் தட்டு மாதிரி அது. இரவில் தட்டைக் காலி செய்ய வேண்டும்.

தாள்

தாள் கூப்பிடாது. அது அதன் பெரிய குறை. மூடி வைத்த டைரி இல்லாத டைரிக்குச் சமம்.

ஆனால் போனில் பட்டியலைப் பார்க்கத் திறந்தால் வழியில் பத்து விஷயம் இழுக்கும். தாளில் அது கிடையாது. கையால் எழுதுவதும் ஏதோ செய்கிறது. புல்லட் ஜர்னல் என்ற, வேலைகளை நோட்டில் குறித்து வைக்கும் முறையை உருவாக்கிய ரைடர் கேரல் சிறுவயதிலேயே கவனக் குறைபாடு கண்டறியப்பட்டவர், தனக்காகவே அதை வளர்த்தெடுத்தவர். அதன் உயிர்நாடி, முடியாத வேலையைக் கையால் அடுத்த பக்கத்துக்கு மாற்றி எழுதுவது. மூன்றாவது முறை எழுதும்போது கை கேட்கும்: இது உண்மையில் வேண்டுமா? வேண்டும் என்றால் ஏன் நகரவில்லை? பெரும்பாலும் அது ஒரு வேலையாக இருக்காது. "இன்ஷூரன்ஸ்" என்று எழுதியிருப்பேன். உள்ளே பாலிசி எண்ணைத் தேடுவது, ஆளுக்கு போன் செய்வது, காசோலை எழுதுவது என்று மூன்று வேலைகள் பதுங்கியிருக்கும்.

முழு புல்லட் ஜர்னல் எனக்கு நிற்கவில்லை. நான்கு நாள் விட்டுப்போனால் அந்த வெற்றுப் பக்கங்கள் குற்ற உணர்வைக் கொடுத்தன. ஆபீஸில் ஒருபக்கம் பிரிண்ட் ஆன தாளை நான்காகக் கிழித்து, தினமும் ஒரு துண்டு எடுப்பதுதான் நிலைத்தது. மேலே ஒரு பிள்ளையார் சுழி, கீழே மூன்று வேலைகள். நான்காவது எழுத இடமிருந்தாலும் எழுதுவதில்லை. மாலையில் கிழித்துப் போட்டுவிடுவேன். ஒரு வாரம் விட்டுப்போனாலும் காலிப் பக்கம் என்று எதுவும் இல்லை, எட்டாம் நாள் புதுத் துண்டு. ஏடிஎச்டி உள்ளவர்கள் எந்த முறையையும் ஒருநாள் விட்டுவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டே தேர்வு செய்ய வேண்டும். திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்பதை நான் முதலில் பார்க்கிறேன். ஆப்பில் அது அரை மணி நேரம், டைரியில் பத்து நிமிடமும் கொஞ்சம் அவமானமும், துண்டுத் தாளில் ஒரு நிமிடம்.

சுவரில் மாட்டும் வெள்ளைப் பலகை குடும்பத்துக்கு நல்லது, ஒருவருக்கு மட்டும் என்றால் பத்து நாளில் சுவரோடு சுவராகிவிடும். அதைவிடப் பொருள்களையே வழியில் வைப்பது மேல். தைக்கக் கொடுக்க வேண்டிய ரவிக்கையை வண்டிச் சாவியோடு வைத்தால் போதும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் ஆராய்ந்த "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற முறையும் இதே வழிதான். ஏடிஎச்டி உள்ள குழந்தைகளிடமும் அது உதவுவதாகக் கண்டிருக்கிறார்கள். "காபி டம்ளரைக் கழுவியதும் மாத்திரை" என்று பிணைத்துவிட்டால் கடிகாரம் தேவையில்லை.

கூட ஒரு ஆள்

இதுவரை சொன்ன எதுவும் மூன்றாவது சிக்கலைத் தொடவில்லை. ஃபைல் எதிரில் இருக்கிறது. தேதி தெரியும். தள்ளினால் காசு போகும் என்றும் தெரியும். கை போகவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சோம்பல். உள்ளே இருப்பவருக்கு, கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பது போல.

இதற்கு எனக்கு உதவிய ஒரே வழி இன்னொரு மனிதர். பாடி டபுளிங் என்று சொல்கிறார்கள். அவர் நம் வேலையைச் செய்ய வேண்டியதில்லை, மேற்பார்க்கவும் வேண்டாம். அவர் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டு கூட இருந்தால் போதும். என் அக்கா தஞ்சாவூரில் இருக்கிறார். மாதம் 15ஆம் தேதி காலை பத்து மணிக்கு போன் செய்வேன், ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன்.

"அக்கா, வைக்காத. இப்பதான் எக்செல் திறக்கிறேன்."

"சரிடி, நான் கீரை ஆயறேன். நீ பாரு."

அவ்வளவுதான் பேச்சு. நாற்பது நிமிடத்தில் முதல் கடையின் கணக்கு முடிந்துவிடும். அக்கா இல்லாதவர்களுக்கு ஃபோகஸ்மேட் போன்ற தளங்கள் உண்டு. 25, 50, 75 நிமிடம் என்று தேர்ந்தெடுத்து, முன்பின் தெரியாத ஒருவரோடு வீடியோவில் உட்கார்ந்து அவரவர் வேலையைச் செய்யலாம். வாரத்துக்கு மூன்று முறை வரை இலவசம்.

ஒன்றைக் கவனமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கூட இருக்கச் சொல்வது வேறு, ஞாபகப்படுத்தச் சொல்வது வேறு. முதல் ஒரு வருடம் என் கணவரிடம் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தச் சொன்னேன். அவர் நல்ல மனதோடுதான் செய்தார். ஆறு மாதத்தில் அவர் ஹெட்மாஸ்டர் ஆகிவிட்டார், நான் வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளை. அவர் கேட்கும் முன்பே எனக்குக் கோபம் வந்தது. அதை நிறுத்திய பிறகுதான் இருவரும் மூச்சுவிட்டோம். ஞாபகப்படுத்துவதை அலாரத்திடம் கொடுத்துவிடுங்கள். அதன்மேல் கோபப்பட்டாலும் யாருக்கும் வலிக்காது.

வேலையையே இல்லாமல் செய்வது

எல்லாவற்றுக்கும் முன்பு யோசிக்க வேண்டியது இது, நான் கடைசியில்தான் யோசித்தேன். நல்ல ஞாபகமூட்டியைவிட, ஞாபகம் தேவைப்படாத நிலை மேல். தவணைப் பணம் கணக்கிலிருந்து தானாகவே போகும் யுபிஐ ஆட்டோபே 2020இல் வந்தது. போன் ரீசார்ஜ், இன்ஷூரன்ஸ் தவணை, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாவற்றையும் அதில் போட்டேன். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வரும். பொதுவாக 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் போட வேண்டியதில்லை. கணக்கில் பணம் இல்லாவிட்டால் திரும்பிப் போகும் என்பதால், தவணைகளுக்கென்று தனிக் கணக்கு வைத்து, கையில் பணம் வந்த அன்றே ஒரு தொகையைத் தள்ளிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரன்ட் பில் தொகை மாறிக்கொண்டே இருப்பதால் அதை மட்டும் கையால் கட்டுகிறேன். ஆப்பில் இருக்கும் பன்னிரண்டு வரிகளில் அது ஒன்று.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் ஆட்டோபே, ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பிறகு இரண்டே இரண்டு அலாரம். ஒரு மாதம் அது நின்ற பிறகு துண்டுத் தாள். ஆப் கடைசியில், அதுவும் தேவைப்பட்டால். தொடங்குவதுதான் சிக்கல் என்றால் இந்த வரிசையை விட்டுவிட்டு இன்றைக்கே ஓர் ஆளைத் தேடுங்கள். இன்னும் டாக்டரைப் பார்க்கவில்லை, இதெல்லாம் எனக்கும் இருக்கிறதோ என்று யோசிப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

மகன் இப்போது எட்டாம் வகுப்பு. எனக்கு உதவிய துண்டுத் தாளை அவனுக்கும் கொடுத்துப் பார்த்தேன், இரண்டாம் நாளே அது பேன்ட் பாக்கெட்டில் துவைந்து வந்தது. அவனுக்குத் தொடங்குவது கஷ்டமில்லை, நேரமும் ஓரளவு தெரிகிறது. தொலைப்பதுதான் அவன் சிக்கல்: ஐடி கார்டு, ஜாமெட்ரி பாக்ஸ், கையெழுத்து வாங்க வேண்டிய நோட்டு. அவனுக்கு வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கி வைத்தோம். பள்ளியிலிருந்து வந்ததும் எல்லாம் அதற்குள், காலையில் அதிலிருந்து பைக்குள். வேறு எதுவும் அவனுக்கு வைக்கவில்லை.